எந்த அகச்சிவப்பு? பெரோவ்ஸ்கைட் நானோ நார்களின் பார்வை எல்லை

2000-ஆம் ஆண்டு மாடலாகச் சந்தைக்கு வந்த காடிலாக் டெவில் காரில் ஒரு புதுமை இருந்தது. முகப்பு விளக்கின் வெளிச்சம் எட்டாத தொலைவில் மனிதரோ மானோ நின்றால், அந்த உடலின் வெப்பத்தைக் கொண்டே உருவத்தை வரைந்து ஓட்டுநரின் கண்ணெதிரே முன்கண்ணாடியில் காட்டியது ஒரு கருவி. அமெரிக்காவின் ரேதியான் நிறுவனம் செய்தது அது. அதற்குள் அகச்சிவப்புக் கதிரை வாங்கி மின்குறிப்பாக மாற்றிய பொருள் பேரியம் ஸ்ட்ரான்சியம் டைட்டனேட். அதன் அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் முறைக்குப் பெரோவ்ஸ்கைட் அமைப்பு என்று பெயர்.

பெரோவ்ஸ்கைட்டால் அகச்சிவப்பை உணர முடியுமா என்ற கேள்விக்கு, ஆக, சாலையிலேயே விடை கிடைத்துக் கால் நூற்றாண்டு ஆகிறது. ஆனால் இன்று பொருளறிவியல் ஆய்விதழ்களில் திரும்பத் திரும்ப வரும் ‘பெரோவ்ஸ்கைட் அகச்சிவப்பு உணரி’ இந்தக் குடும்பத்தின் வேறொரு கிளை. ஆக்சிஜனுக்குப் பதில் அயோடினையோ புரோமினையோ கொண்ட ஹாலைடு பெரோவ்ஸ்கைட் அது. அதை முடியிழையைவிடப் பல மடங்கு மெல்லிய நாராக இழுத்து, துணியிலும் தோலிலும் ஒட்டக்கூடிய ஒளி உணரியாக்குவதே ஆய்வாளர்களின் நோக்கம். இந்த நோக்கம் எவ்வளவு தூரம் நிறைவேறியிருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. அதைக் கேட்காமலேயே பல கட்டுரைகள் தலைப்பு வைத்துவிடுகின்றன. எந்த அகச்சிவப்பு?

அகச்சிவப்பு என்பது ஒற்றை நிறம் அல்ல. 1800-இல் வில்லியம் ஹெர்ஷெல் முப்பட்டகத்தில் பிரிந்த சூரிய ஒளியின் சிவப்பு ஓரத்துக்கு அப்பால் வெப்பமானியை வைத்து, அங்கே கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று சுடுவதைக் கண்டார். அவர் தொட்டது ஒரு பெரும் பரப்பின் வாசலை மட்டுமே. சிவப்பு முடியும் ஏறக்குறைய 750 நானோமீட்டரில் தொடங்கி 1 மில்லிமீட்டர் வரை அந்தப் பரப்பு நீள்கிறது. தொலைக்காட்சியின் ரிமோட் 940 நானோமீட்டரில் பேசுகிறது. கண்ணாடி இழையில் ஓடும் இணையத் தகவல் 1310, 1550 நானோமீட்டர்களில் செல்கிறது. மனித உடலின் வெப்பக் கதிர்வீச்சு உச்சம் தொடுவதோ 9,000 நானோமீட்டரையும் தாண்டி. இவை மூன்றையும் ஒரே சொல்லால் அழைக்கிறோம். இவற்றின் ஆற்றலோ ஒன்றுக்கொன்று வெகுதூரம். 940 நானோமீட்டர் ஒளித்துகள் ஒன்றின் ஆற்றல் 1.32 எலக்ட்ரான் வோல்ட். 1550-இல் அது 0.8, உடல்வெப்பக் கதிரில் 0.13 மட்டுமே.

குறைக்கடத்தி ஒன்று ஒளியை உணர்வதற்கு ஒரு நிபந்தனை உண்டு. வந்து விழும் ஒளித்துகளின் ஆற்றல் அந்தப் பொருளின் ஆற்றல் இடைவெளியைத் தாண்ட வேண்டும். தாண்டினால்தான் கட்டுண்ட எலக்ட்ரான் விடுபட்டு மின்னோட்டமாகும். குறைந்தால் ஒளி அந்தப் பொருளுக்குள் நுழைந்து, எதுவும் நடக்காமல் மறுபுறம் வெளியேறிவிடும். சிலிக்கனின் இடைவெளி 1.12 எலக்ட்ரான் வோல்ட். எனவே 1100 நானோமீட்டருக்கு அப்பால் கைபேசிக் கேமராவின் சிலிக்கன் குருடு. 1700 வரை போக வேண்டுமானால் இண்டியம் பாஸ்பைடு வில்லைமேல் வளர்த்த இண்டியம் காலியம் ஆர்சனைடு தேவை. அதற்கும் அப்பால் போக, 1959-இல் இங்கிலாந்தின் மால்வெர்ன் நகரில் உள்ள அரச ரேடார் ஆய்வு நிலையத்தில் லாசனும் உடன் உழைத்தவர்களும் அறிமுகப்படுத்திய பாதரச காட்மியம் டெலூரைடு இருக்கிறது. ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் குறை அலைநீளக் கேமராக்கள் இதை நம்பியிருக்கின்றன. அதே தொலைநோக்கியின் நடு அகச்சிவப்புக் கருவியில் வேலை செய்வது ஆர்சனிக் கலந்த சிலிக்கன். அதை 7 கெல்வினுக்கும் கீழே குளிர்விக்க வேண்டியிருக்கிறது.

இந்தப் பொருள்கள் எல்லாம் நன்றாகவே வேலை செய்கின்றன. சிக்கல் விலையிலும் வடிவத்திலும்தான். உயர் வெற்றிடத்தில், விலையுயர்ந்த ஒற்றைப் படிக வில்லையின்மேல் ஒவ்வோர் அணு அடுக்காக வளர்க்க வேண்டும். முடிவில் கிடைப்பது வளையாத, எளிதில் உடையும் சில்லு. மலிவான படிகத்தைக் கொண்டு கதிரைப் பிடிக்கும் ஆசை புதியதும் அல்ல. கொல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் கலீனா என்ற ஈய சல்பைடு தாதுவைக் கொண்டு உருவாக்கிய உணரிக்கு 1904-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். 1930-களில் ஜெர்மனியில் அதே ஈய சல்பைடு அகச்சிவப்பு உணரியாக வளர்ந்து, இரண்டாம் உலகப்போரில் ராணுவக் கருவிகளுக்குள் போனது. ஈயச் சேர்மங்கள் இந்தத் துறைக்குப் பழைய உறவினர்கள்.

ஹாலைடு பெரோவ்ஸ்கைட்டும் ஈயச் சேர்மம்தான். அதன் வரலாறு பலர் நினைப்பதைவிட நீளமானது. யூரல் மலையில் கிடைத்த கால்சியம் டைட்டனேட் கனிமத்தை 1839-இல் விவரித்த குஸ்டாவ் ரோஸ், ருஷ்ய அதிகாரி லெவ் பெரோவ்ஸ்கியின் பெயரை அதற்கு இட்டார். சீசியம் ஈய ஹாலைடுகளை ஹொரஸ் வெல்ஸ் 1893-லேயே ஆய்வகத்தில் செய்துவிட்டார். அவற்றின் அமைப்பு பெரோவ்ஸ்கைட் என்பதையும், ஒளி பட்டால் அவை மின்சாரம் கடத்துகின்றன என்பதையும் 1950-களின் இறுதியில் டென்மார்க்கின் மோல்லர் கண்டறிந்தார். இந்தப் பொருளில் முதலில் கவனிக்கப்பட்ட பயன்மிக்க பண்பே ஒளியுணர்வு என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். சூரிய மின்கலம் பிறகு வந்த கதை. ஸ்டுட்கார்ட்டில் டீட்டர் வெபர் 1978-இல் சீசியத்தின் இடத்தில் மெத்தில் அமோனியம் என்ற கரிம அயனியை வைத்தார். 2009-இல் ஜப்பானில் கோஜிமாவும் மியாசகாவும் அதைக் கொண்டு 3.8 விழுக்காடு திறனுள்ள சூரிய மின்கலம் செய்தார்கள். இன்று ஆய்வகங்களில் அந்த அளவு 26 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது. உலகெங்கும் பணமும் ஆட்களும் இந்தப் பொருளை நோக்கித் திரும்பியது இந்த வளர்ச்சியால்தான். ஒளி உணரி ஆய்வு அந்த அலையில் ஏறிக்கொண்டது.

உணரி செய்பவர்களை ஈர்த்தவை மூன்று பண்புகள். கரைசலில் இருந்தே, 100 முதல் 150 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் நல்ல படிகமாக விளைகிறது. ஒளியை மிக வலுவாக உறிஞ்சுவதால் அரை மைக்ரோமீட்டர் தடிமனே போதும். மூன்றாவது, அணுக்களை மாற்றி மாற்றி வைத்து ஆற்றல் இடைவெளியை விரும்பியபடி நகர்த்தலாம். சீசியம் ஈய புரோமைடில் அது சுமார் 2.3 எலக்ட்ரான் வோல்ட்; பச்சை வரைதான் பார்க்கும். மெத்தில் அமோனியம் ஈய அயோடைடில் சுமார் 1.55, ஏறக்குறைய 800 நானோமீட்டர். மெத்தில் அமோனியத்தை எடுத்துவிட்டுச் சற்றே பெரிய ஃபார்மமிடினியம் அயனியை வைத்தால் 1.48, எல்லை 840-ஐ நெருங்குகிறது.

அத்தோடு நின்றுவிடுகிறது. ஈயத்தை மட்டும் வைத்துக்கொண்டு எந்தக் கரிம அயனியைச் சேர்த்தாலும் முப்பரிமாணப் பெரோவ்ஸ்கைட்டாக இதற்குமேல் நகர்வது கடினம். அகச்சிவப்பின் வாசற்படியில் கால் வைத்தாயிற்று, உள்ளே போக முடியவில்லை.

வழி திறந்தது வெள்ளீயத்தால். இதில் ஒரு விந்தை உண்டு. இரண்டு பொருள்களைக் கலந்தால் கலவையின் ஆற்றல் இடைவெளி இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் கனாட்சிடிஸ் குழு 2014-இல் ஈயத்தையும் வெள்ளீயத்தையும் படிப்படியாகக் கலந்து பார்த்தபோது, கலவையின் இடைவெளி தூய ஈயத்தையும்விடக் குறைந்தது, தூய வெள்ளீயத்தையும்விடக் குறைந்தது. 1.2 எலக்ட்ரான் வோல்ட் அளவுக்கு இறங்கியது. அலைநீளத்தில் சொன்னால் 1000 நானோமீட்டரைத் தாண்டி 1050 வரை. ஹாலைடு பெரோவ்ஸ்கைட் தன் சொந்தக் கண்ணால் பார்க்கக்கூடிய எல்லை, நடைமுறையில், இங்கேதான் இருக்கிறது. இதற்கு அப்பால் பார்ப்பதாகச் சொல்லும் ஆய்வுகளில் பெரும்பாலும் பார்ப்பது வேறு யாரோ.

வெள்ளீயத்துக்கு விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. படிகத்துக்குள் அது +2 மின்னேற்ற நிலையில் இருக்க வேண்டும். காற்றின் ஆக்சிஜன் பட்டவுடன் +4-க்குத் தாவிவிடுகிறது. அப்படித் தாவும் ஒவ்வோர் அணுவும் படிகத்தில் ஒரு குறையை விட்டுச்செல்கிறது. இருட்டிலும் கசியும் மின்னோட்டம் ஏறுகிறது. உணரிக்கு இதைவிடக் கெடுதல் இல்லை. இருட்டில் அமைதியாக இருந்தால்தானே மங்கிய ஒளி வரும்போது தெரியும்? இதைத் தடுக்க வெள்ளீய ஃபுளோரைடு சேர்க்கிறார்கள், உலோக வெள்ளீயத் தூளைக் கரைசலில் போடுகிறார்கள், வைட்டமின் சி என்று நாம் அறிந்த அஸ்கார்பிக் அமிலத்தையும் கலந்து பார்த்திருக்கிறார்கள். எல்லாமே ஓரளவு பலன் தருகின்றன. எதுவும் முழுத் தீர்வு இல்லை.

இந்தச் சூழலில்தான் நார் உள்ளே வருகிறது.

நாராக்கும் முறைக்கு மின்நூற்பு என்று பெயர். பாலிமரையும் பெரோவ்ஸ்கைட்டின் மூல உப்புகளையும் ஒரே கரைப்பானில், பெரும்பாலும் டைமெத்தில் ஃபார்மமைடில், கரைத்து ஊசிக்குழாயில் ஏற்றுகிறார்கள். ஊசிமுனைக்கும் சில பத்து சென்டிமீட்டர் தள்ளியிருக்கும் உலோகத் தகட்டுக்கும் இடையே 10 முதல் 30 கிலோவோல்ட் வரை மின்னழுத்தம். முனையில் தொங்கும் துளி கூம்பாக நீள்கிறது. ஜெஃப்ரி டெய்லர் 1964-இல் விளக்கிய கூம்பு இது. அதன் நுனியிலிருந்து ஒரு மெல்லிய தாரை பீய்ச்சிக் கிளம்பி, காற்றில் சாட்டையாய்ச் சுழன்று மெலிந்து, கரைப்பான் ஆவியாகி, தகட்டில் நாராக விழுகிறது. பஞ்சுமிட்டாய் இயந்திரத்தில் சர்க்கரைப்பாகு இழையாகும் காட்சிக்கு இது வெகு அருகில் வரும். அங்கே சுழற்சி இழுப்பதை இங்கே மின்புலம் இழுக்கிறது. முறையின் காப்புரிமைகள் 1902-க்குப் போகின்றன. ஃபார்ம்ஹால்ஸ் 1934-இல் அதை ஜவுளிக்காக மேம்படுத்தினார். 1930-களின் இறுதியில் சோவியத் ஒன்றியத்தில் அதே நார் முகமூடி வடிகட்டியானது. அதாவது பெரும் பரப்பில், மலிவாக, நாள்முழுதும் ஓடக்கூடிய உற்பத்தி முறை என்று ஏற்கெனவே நிரூபணமானது. பெரோவ்ஸ்கைட் ஆய்வாளர்கள் கைவைத்தது நன்கு பழகிய ஒரு தொழில்நுட்பத்தில்.

நார் என்று பொதுவாகச் சொன்னாலும் ஆய்வுக் கட்டுரைகளில் இரண்டு வகை கலந்து கிடக்கின்றன. ஒன்று மின்நூற்பில் வரும் பாலிமர் கலந்த நார். மற்றது பாலிமர் இல்லாத படிகக் கம்பி. இரண்டாவது வகையில் முன்னோடி, சுவிட்சர்லாந்தின் லோசான் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஹோர்வாத்தும் ஃபோர்ரோவும் உடன் உழைத்தவர்களும் 2014-இல் வெளியிட்ட வேலை. ஈய அயோடைடு பெரோவ்ஸ்கைட் கரைசலை இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே வைத்து, ஒன்றை மெல்ல வழுக்கி இழுத்தார்கள். நானோ கம்பிகள் தாமாகவே விளைந்தன. அவற்றைக் கொண்டு செய்த உணரி ஒரு வாட் ஒளிக்கு 5 மில்லிஆம்பியர் தந்தது. சிறிய எண்தான். ஆனால் அவ்வளவு எளிய முறையில் அது வந்ததே செய்தி.

இந்த வகையின் மிக அழகான எடுத்துக்காட்டு 2020-இல் வந்தது. ஹாங்காங் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஜியோங் ஃபான் குழு அரைக்கோள வடிவ அலுமினாவில் நுண்துளைகள் இட்டு, ஒவ்வொரு துளைக்குள்ளும் ஃபார்மமிடினியம் ஈய அயோடைடு கம்பியை வளர்த்தது. செயற்கை விழித்திரை ஒன்று உருவாயிற்று. ஒரு சதுர சென்டிமீட்டரில் 46 கோடி கம்பிகள். மனித விழித்திரையின் ஒளி உணர்செல்களைவிடப் பல மடங்கு நெருக்கம். நரம்புகளுக்குப் பதிலாக ரப்பர் குழாய்க்குள் திரவ உலோகம். ஒளிக்கு எதிர்வினை காட்ட சுமார் 19 மில்லிவினாடி. கண்ணின் வளைந்த விழித்திரையைச் சில்லுத் தொழில்நுட்பத்தால் செய்ய முடியாது என்ற பழைய தடையை நானோ கம்பி உடைத்தது. ஆனால் அந்தக் கண்ணின் பொருள் எது என்று கவனிக்க வேண்டும். ஃபார்மமிடினியம் ஈய அயோடைடு. எல்லை 840-க்குப் பக்கம். வடிவம் எவ்வளவு புதுமையானாலும் பார்வையின் சிவப்பு ஓரத்தை வேதியியல்தான் வரைந்திருக்கிறது.

இந்த ஆய்வுத்துறையை வாசிப்பவர்கள் கையில் பிடித்துக்கொள்ள வேண்டிய உண்மை இது. நாராக்கினால் ஆற்றல் இடைவெளி குறைவதில்லை. சில நானோமீட்டர் தடிமனுக்கு மெலிந்தால் குவாண்டம் விளைவால் இடைவெளி கூடவே செய்யும். மின்நூற்பு நார்கள் நூற்றுக்கணக்கான நானோமீட்டர் தடிமன் என்பதால் அந்த விளைவும் கிடையாது. நார் தருவது வேறு. நார்ப்பாயில் விழுந்த ஒளி இழைக்கு இழை சிதறி உள்ளேயே அலைவதால், உறிஞ்சல் வலுவிழக்கும் நீள் அலைநீள ஓரத்தில் பிடிபடும் அளவு கூடுகிறது. இழைகளைச் சுழலும் உருளையில் ஒரே திசையில் அடுக்கினால், அத்திசையில் அதிரும் ஒளியை அதிகமாகவும் குறுக்கே அதிர்வதைக் குறைவாகவும் உணர்கிறது. தனி வடிகட்டி இல்லாமலே ஒளியின் முனைவாக்கம் தெரிந்துவிடும். படலம் வளைந்தால் விரிசல் விடுகிறது, நார்ப்பாய் வளைந்தால் இழைகள் ஒன்றின்மேல் ஒன்று நழுவிக்கொள்கின்றன. காற்றும் வியர்வையும் அதன் ஊடே போய்வரும். தோலில் நாள்முழுதும் ஒட்டியிருக்க வேண்டிய கருவிக்கு இது சிறிய பண்பு அல்ல.

பாலிமர் இந்த இடத்தில் நண்பனும் பகைவனும். பெரோவ்ஸ்கைட் பாலிமருக்குள் பொதிந்து கிடப்பதால் ஈரமும் ஆக்சிஜனும் எளிதில் அண்டுவதில்லை. பாலிஸ்டைரீன், பாலிவினைலிடீன் ஃபுளோரைடு போன்ற நீர்வெறுப்புப் பாலிமர்களுக்குள் வைத்த சீசியம் ஈய புரோமைடு, தண்ணீரில் முக்கியும் ஒளிர்வதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பாலிவினைல் பைரோலிடோன் ஈய அயனிகளைப் பற்றிக்கொண்டு படிகங்களைச் சிறிதாகவும் சீராகவும் வளரச் செய்கிறது, ஆனால் அதுவே காற்றின் ஈரத்தை உறிஞ்சும் பொருள். எதைத் தேர்ந்தாலும் ஒரு பொதுக் குறை மிஞ்சுகிறது. பாலிமர் மின்காப்பு. ஒளியால் பிறந்த எலக்ட்ரான் ஒரு படிகத்துளியிலிருந்து அடுத்ததற்குத் தாவ வழியில்லாமல் நிற்கிறது. ஆக்சைடு பெரோவ்ஸ்கைட் நார் செய்பவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. நூற்ற பின் 600, 700 டிகிரியில் சூளையில் இட்டுப் பாலிமரை எரித்துவிட்டால் தூய ஆக்சைடு நார் மிஞ்சும். ஹாலைடு அந்தச் சூட்டைத் தாங்காது. மெத்தில் அமோனியம் உள்ளவை 85 டிகிரியில் நீண்ட நேரம் வைத்தாலே சிதையத் தொடங்குகின்றன. எனவே பாலிமர் உள்ளேயே இருந்தாக வேண்டும். ஒளிர்வதற்கு மட்டும் பயன்படும் நார்களில் இது பொருட்டில்லை. மின்னோட்டம் எடுக்க வேண்டிய உணரியில் இதுவே மையச் சிக்கல். மின்நூற்புப் பெரோவ்ஸ்கைட் நார்களில் ஒளிர்வு பற்றிய வேலைகள் குவிந்தும், உணரி பற்றிய வேலைகள் பின்தங்கியும் இருப்பதற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது என்பது இக்கட்டுரையின் கணிப்பு.

1050-க்கு அப்பால் போக விரும்புகிறவர்கள் விருந்தாளிகளை அழைக்கிறார்கள். முதல் விருந்தாளி அருமண் அயனி. இட்டெர்பியமும் எர்பியமும் கலந்த சோடியம் இட்ரியம் ஃபுளோரைடு நானோ துகள், 980 நானோமீட்டர் ஒளித்துகள்கள் இரண்டை விழுங்கிப் பச்சையிலோ சிவப்பிலோ ஒன்றை உமிழும். எர்பியம் தனியாகவே 1530-ஐ ஒட்டிய ஒளியை உறிஞ்சக்கூடியது. இந்தத் துகளைப் பெரோவ்ஸ்கைட்டுடன் ஒரே நாரில் நூற்றால், துகள் உமிழ்வதைப் பக்கத்திலிருக்கும் பெரோவ்ஸ்கைட் உறிஞ்சி மின்சாரமாக்கும். கரைசலில் கலந்து ஊசியில் ஏற்றுவதுதான் வேலை என்பதால் நார் இதற்கு வெகு பொருத்தம். குறை, செயல்திறனில். இரண்டு ஒளித்துகள் சேர்ந்தால்தான் ஒன்று என்பதால், ஒளி பாதியானால் விளைவு கால் பங்காகிவிடும். லேசர் ஒளியில் மிளிரும் இத்தகைய உணரி மங்கிய ஒளியில் மௌனமாகிவிடுகிறது. செறிந்த லேசர் துடிப்பில் பெரோவ்ஸ்கைட் தானே இரண்டு ஒளித்துகள்களை ஒருசேர விழுங்கி நீள் அலையை உணர்வதும் உண்டு. அதுவும் லேசர் அளவீட்டுக்குப் பயன்படுமே தவிர, இருட்டில் தேடும் கண்ணாகாது.

இரண்டாம் விருந்தாளி இன்னும் நம்பகமானவர்: ஈய சல்பைடு குவாண்டம் புள்ளி. துகளின் அளவை மாற்றினால் போதும், 900 முதல் 2000 நானோமீட்டர் வரை விரும்பிய இடத்தில் அதன் பார்வையை வைக்கலாம். டொராண்டோவில் எட்வர்ட் சார்ஜென்ட் குழு 2015-இல் இந்தப் புள்ளிகளை ஈய அயோடைடு பெரோவ்ஸ்கைட்டுக்குள் பதித்துக் காட்டியது. இரண்டின் அணு இடைவெளிகளும் பெருமளவு ஒத்துப்போவதால், பெரோவ்ஸ்கைட் புள்ளியைச் சுற்றி இசைவாக வளர்கிறது. எல்லையில் குறைகள் குறைகின்றன. புள்ளி பார்க்க, பெரோவ்ஸ்கைட் கடத்துகிறது. அறிவியலாக இது உறுதியான வழி. ஆனால் அப்போது உணரியின் கண் ஈய சல்பைடு. பெரோவ்ஸ்கைட் அதன் நரம்பு. தலைப்பில் யார் பெயரை முதலில் போடுவது என்பதல்ல இங்கே பொருட்டு. எந்தப் பொருளை மேம்படுத்தினால் உணரி மேம்படும் என்பதே பொருட்டு.

உடல்வெப்பம் வெளிப்படும் 9,000 நானோமீட்டர் பகுதிக்கு இவை எதுவும் பயன்படா. குளிர்விக்காமல் வேலை செய்ய, அங்கே ஒளித்துகளை எண்ணாமல் வெப்பத்தை அளக்க வேண்டும். பழைய ஆக்சைடு பெரோவ்ஸ்கைட்டுகளின் ஆட்சிப்பகுதி அது. ஆள் நடந்தால் விளக்கு எரியும் உணரிகளில் பலவற்றில் ஈய சிர்கோனேட் டைட்டனேட் இருக்கிறது. சூடேறினால் அதன் பரப்பில் மின்னேற்றம் தோன்றும். வெப்பம் மாறும்போது மட்டுமே தோன்றும் என்பதால், தொடக்கத்தில் பார்த்த காருக்கான கருவியில் ஒளியை விட்டுவிட்டு மறைக்கும் சுழல்தகடு ஒன்றும் தேவைப்பட்டது. இதே பண்பு பாலிவினைலிடீன் ஃபுளோரைடிலும் உண்டு. அதை நாராக நூற்கும்போது மின்புலமே மூலக்கூறுகளை ஒருபுறமாகத் திருப்பி அடுக்கிவிடுகிறது. அந்த நாருக்குள் ஹாலைடு பெரோவ்ஸ்கைட்டை வைத்தால், அருகு அகச்சிவப்பை ஒளியாகவும் தொலை அகச்சிவப்பை வெப்பமாகவும் ஒரே துணி உணரக்கூடும். நார் வடிவத்துக்கே உரிய, படலத்தால் எளிதில் பின்பற்ற முடியாத வாய்ப்பு இது. இத்துறையில் அதிகக் கவனம் பெறத் தகுதியுள்ள திசையும் இதுதான்.

எண்களைப் பற்றியும் பேசியாக வேண்டும். 940 நானோமீட்டரில் விழும் ஒவ்வோர் ஒளித்துகளும் ஓர் எலக்ட்ரானாக மாறினால், ஒரு வாட் ஒளிக்குக் கிடைப்பது 0.76 ஆம்பியர். அதுவே உச்சவரம்பு. அப்படியிருக்க ஆய்வுகளில் பத்து, நூறு ஆம்பியர் என்ற எண்கள் வருவது எப்படி? குறைகளில் சிக்கிய ஒரு மின்னேற்றம் அங்கேயே கிடக்க, அதன் இணை சுற்றில் பலமுறை ஓடுகிறது. பெருக்கம் உண்மைதான். ஆனால் சிக்கியது விடுபடும்வரை உணரி அணைவதில்லை. எண் பெரிதாகப் பெரிதாக உணரி மந்தமாகிறது. இரண்டு எண்களையும் சேர்த்துச் சொல்லாத கட்டுரை பாதி உண்மையையே சொல்கிறது. கிளார்க் ஜோன்ஸ் பெயரால் ‘ஜோன்ஸ்’ என்ற அலகில் சொல்லப்படும் கண்டறிதிறன் இன்னும் சிக்கலானது. அதைக் கணக்கிட இரைச்சலை நேரடியாக அளக்க வேண்டும். பலர் இருள் மின்னோட்டத்திலிருந்து ஒரு சூத்திரத்தால் இரைச்சலை ஊகித்துவிடுகிறார்கள். பெரோவ்ஸ்கைட்டில் அயனிகள் மின்புலத்தில் நகர்வதால் தாழ் அதிர்வெண்ணில் இரைச்சல் மிகுதி; ஊகித்த எண் மெய்யைவிடப் பல மடங்கு உயர்ந்துவிடும். நார்ப்பாயில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. இழைகளுக்கு நடுவே வெற்றிடம் இருக்க, ஒளிபடும் பரப்பு என்று எதைக் கொள்வது? இழைகளின் பரப்பை மட்டும் எடுத்தால் எண் ஏறும், பாய் முழுவதையும் எடுத்தால் இறங்கும். இரு ஆய்வகங்களின் எண்களை அருகருகே வைத்து ஒப்பிடுவது இன்றைய நிலையில் நியாயமாகாது.

பயன் எங்கே வரக்கூடும் என்பதற்கு நாடி ஆக்சிஜன் மானி நல்ல உரைகல். ஜப்பானின் தக்குவோ அயோயாகி 1970-களில் வகுத்த கோட்பாட்டின்படி அது 660, 940 நானோமீட்டர் ஆகிய இரண்டு ஒளிகளை விரலுக்குள் செலுத்தி, ரத்தம் இரண்டையும் உறிஞ்சும் விகிதத்திலிருந்து ஆக்சிஜன் அளவைக் கணக்கிடுகிறது. தூய ஈயப் பெரோவ்ஸ்கைட் நார் 660-ஐப் பார்க்கும், 940-ஐப் பார்க்காது. வெள்ளீயம் கலந்த நாருக்கு இரண்டும் தெரியும். ஆனால் 940-ஐச் சிலிக்கன் மிக மலிவாகவே பார்க்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது. எனவே ‘சிலிக்கனைவிட விலை குறைவு’ என்ற வாதம் இங்கே செல்லாது. குறைமாதக் குழந்தையின் மார்பிலோ தீக்காயம் பட்டவரின் தோலிலோ, அழுத்தாமல், காற்றோட்டத்தைத் தடுக்காமல், உள்ளங்கை அளவுப் பரப்பில் பல புள்ளிகளில் ஒரே நேரத்தில் அளக்க முடியும் என்றால் மட்டுமே நாருக்கு இடம் உண்டு. அதற்கான போட்டியும் வலுவானது. மாசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் யோயெல் ஃபிங்க் குழு 2018-இல் வழக்கமான குறைக்கடத்தி டையோடுகளையே பாலிமர் இழைக்குள் வைத்து இழுத்து, துணியாக நெய்து, பத்துமுறை இயந்திரத்தில் துவைத்த பின்னும் வேலை செய்யவைத்தது. அதே துணியில் நாடித்துடிப்பையும் அளந்தார்கள். பெரோவ்ஸ்கைட் நார் தேற வேண்டிய தேர்வு இந்தச் சலவைத் தேர்வுதான்.

துவைப்பது என்றதும் ஈயத்தின் கேள்வி எழுகிறது. மெத்தில் அமோனியம் ஈய அயோடைடின் எடையில் மூன்றில் ஒரு பங்கு ஈயம். மின்னணுப் பொருள்களின் சீரான பகுதி ஒவ்வொன்றிலும் ஈயம் 0.1 விழுக்காட்டுக்கு மேல் கூடாது என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது விதி. புதினாச் செடிகளை வைத்து 2020-இல் வெளிவந்த ஆய்வு, பெரோவ்ஸ்கைட்டிலிருந்து மண்ணில் சேரும் ஈயம் பிற மூலங்களின் ஈயத்தைவிடச் சுமார் பத்து மடங்கு எளிதில் செடிக்குள் ஏறுவதாகக் கண்டது. வெள்ளீயத்துக்கு மாறிவிட்டால் கவலையில்லை என்பதும் சரியல்ல. 2016-இல் வரிக்குதிரை மீன் கருக்களில் நடந்த சோதனையில், வெள்ளீய அயோடைடு சிதையும்போது தண்ணீரை அமிலமாக்கி ஈய அயோடைடைவிட அதிகத் தீங்கு செய்தது. தோலில் ஒட்டும் பொருளுக்கு இது பின்னால் பார்த்துக்கொள்ளும் விஷயம் அல்ல. நாரின் உள்ளே பெரோவ்ஸ்கைட்டும் வெளியே கசியாத பாலிமர் உறையுமாக, ஒன்றுக்குள் ஒன்று செருகிய இரட்டை ஊசியால் ஒரே இழுப்பில் நூற்கும் முறை கையில் இருக்கிறது. அந்த உறை நூற்றுக்கணக்கான முறை வளைந்தும் வியர்வையில் ஊறியும் எவ்வளவு ஈயத்தை வெளியே விடுகிறது என்று அளந்து, அந்த எண்ணைக் கண்டறிதிறனுக்குப் பக்கத்திலேயே அச்சிடும் வழக்கம் இந்தத் துறைக்கு உடனடியாக வேண்டும்.